இராவுணவுத் தட்டு

அத்தியாயம் 14

போன வாரம் ஜெசிந்தாவைச் சர்க்கரை டப்பாவும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். நமக்குத்தான் ஏழு நாள் ஓடிவிட்டது. அவளுக்கு இன்னும் அதே சனிக்கிழமை காலை, மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் திருவிழாவில், ஃபாக்டரி ஃபோர்மேன் மாணிக்கராஜின் மனைவி ஜெயசீலி தன் மகன் உதய்க்கு ஜெசிந்தாவின் மகள் சில்வியாவைக் கேட்டாள். "அவசரமில்லைக்கா, கிறிஸ்மஸுக்குப் பதில் சொன்னாப் போதும். கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைய விட்டுடணும்" என்றாள். கிறிஸ்மஸன்று ஜெயசீலி வீட்டிலிருந்து கேக் வந்தது. ஜெசிந்தா வீட்டிலிருந்து கல்கல் பலகாரம் போனது. கேக் வந்தது மாதா படம் போட்ட தட்டில். கல்கல் போனது ஆண்டவர் சீடர்களோடு உண்ட கடைசி இராவுணவு படம் போட்ட தட்டில். அவ்வளவுதான். திருச்சிப் பக்கத்திலிருந்து ஃபாக்டரி வேலைக்கு வந்த குடும்பம் ஜெயசீலியுடையது. அவர்கள் வழக்கப்படி தட்டு மாற்றியாகிவிட்டது, சம்பந்தம் முடிந்துவிட்டது.

ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த ஜெசிந்தாவுக்கோ அது வெறும் கல்கல். லைனில் கிறிஸ்மஸ் தட்டுகள் பொங்கல் தாண்டியும் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருக்கும். யார் தட்டு யார் வீட்டில் என்று யாரும் கவலைப்படுவதில்லை. அன்றைக்குப் பார்த்து எவர்சில்வர் தட்டுகள் எல்லாம் பதினாலு வீட்டுக்குப் போய்விட்டிருந்தன. ஜெயசீலியின் தட்டில் கேக் இன்னும் காலியாகவில்லை. மிச்சமிருந்தது அலமாரியில் சாய்த்து வைத்திருந்த இராவுணவுத் தட்டு ஒன்றுதான்.

அந்த வீட்டில் இராவுணவுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. ஜெசிந்தாவின் தம்பி துரை குவைத்திலிருந்து கொண்டுவந்த வெல்வெட் துணி இராவுணவு ஒரு சுவரை அடைத்துக்கொண்டிருந்தது. கல்யாண வெள்ளி விழாவுக்கு வந்த மூன்று கடிகாரங்களிலும் அதே மேசை, அதே ஆண்டவர். சாவி மாட்டும் பலகையிலும் அதேதான். காபி மக்கில் மட்டும் கடவுளும் ஆதாமும் விரல் நீட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் சாமியார் மந்திரித்துக் கொடுத்தவை. மந்திரித்த படத்தைத் தூக்கிப்போட முடியாது, இன்னொருவருக்குத் தள்ளிவிடவும் மனசு வராது. ஜெசிந்தா காலையில் கண் விழித்தால் நாலு பக்கமும் சீடர்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த மூன்று வாரமாக அவர்கள் எல்லாரும் "சொல்லிட்டியா, சொல்லிட்டியா" என்று கேட்பது போலவே அவளுக்கு இருந்தது.

சொல்லவில்லை. அதுதான் சங்கடமே.

கிறிஸ்மஸ் முடிந்த மூன்றாம் நாள், மாணிக்கராஜ் டீக்கடையில் கையைப் பிடித்துக் குலுக்கி விஷயத்தைச் சொல்ல, ஜெசிந்தாவின் கணவர் ராஜப்பா வீட்டுக்கு ஓடி வந்தார். சுரங்கத்தில் கேஜ் என்கிற லிஃப்டில் ஆளை ஏற்றி இறக்கி மணி அடிக்கிற வேலை அவருக்கு. சுரங்கத்தை இன்றைக்கோ நாளைக்கோ மூடப்போகிறார்கள் என்று இழுத்துக்கொண்டிருந்த நேரம். மகள் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் போய் உட்கார்ந்துவிட்டாள் என்றால் அவருக்குப் பாதி பாரம் குறைந்த மாதிரி.

"இன்னா ஜெசி, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமலே பொண்ணுக்கு எடம் முடிச்சிட்ட! கெட்டிக்காரிதான் நீ" என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளைக் கெட்டிக்காரி என்று சொன்னதே இல்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னதில்லை. இன்னொரு பிடி சோறு போடச் சொல்வார், அதுதான் பாராட்டு. அப்படிப்பட்ட மனுஷன் அன்றைக்கு அவள் முகத்தையே பார்த்துச் சிரித்தார். ஜெசிந்தாவால் "அது தெரியாம அனுப்பினதுங்க" என்று சொல்ல முடியவில்லை. சொல்லாமல் இருந்தது தப்புதான். ஆனால் அந்தச் சிரிப்பை அணைக்க அவளுக்குக் கை வரவில்லை.

அன்று ராத்திரி நடந்ததை மகளிடம் சொன்னாள். சில்வியா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

"வேலைய உடச் சொல்ற வீடு எனக்கு வாணாம்மா. நைனாகிட்ட நீயே சொல்லிடு."

சில்வியா பெங்களூரில் கிஃப்ட் ஐட்டம் செய்கிற ஒரு யூனிட்டில் வேலை பார்த்தாள். காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் வருவாள். தட்டு, கடிகாரம், மக் எல்லாவற்றிலும் படம் ஒட்டி ஏற்றுகிற வேலை. மாதா படம் ஒன்று இத்தாலிக்காரர் வரைந்தபோதே வட்டமாக வரைந்ததாம், தட்டுக்குச் சிரமமே இல்லை. இராவுணவுதான் தொல்லை. மடத்தின் சாப்பாட்டு அறைச் சுவர் நீளத்துக்கு வரைந்த படத்தைத் தட்டுக்குள் அடைத்தால் ஓரத்துச் சீடர்கள் வெட்டுப்படுவார்கள். அப்படி வெட்டுப்பட்ட தட்டுகளைத்தான் சில்வியா பாதி விலைக்கு வாங்கி வந்து லைன் முழுக்கக் கொடுத்திருந்தாள். டிசம்பரில் அவளே உட்கார்ந்து வரைந்து வரைந்து பார்த்து, ஒருவரையும் வெட்டாமல் வட்டக் கடிகாரத்துக்குள் மேசையை வளைத்துவிட்டாள்.

"பதிமூணு பேரையும் உக்கார வெச்சிட்டேன்மா! மொதலாளி என்ன கம்ப்யூட்டர் டிசைன் கத்துக்கச் சொல்லிட்டாரு" என்று அவள் சொன்னபோது, ஜெசிந்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வேண்டாம் என்று சொன்ன அந்த மகளிடம்தான் மறுநாளே பொய் சொன்னாள். "நைனாகிட்ட சொல்லிட்டேன். பாத்துக்கறேன்னாரு."

ராஜப்பா மகளிடம் கல்யாணப் பேச்சை நேரில் எடுக்கிற ஆள் இல்லை, எல்லாம் ஜெசிந்தா வழியாகத்தான். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்வரை வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது, கண்ணு படும் என்று இரண்டு வீட்டிலும் கட்டுப்பாடு வேறு. ஜெசிந்தாவின் பொய்க்கு இதெல்லாம் நல்ல வசதியாகப் போயிற்று.

இப்போது வசதி முடிந்தது. நாளை ஞாயிறு, பூசையில் முதல் ஓலை. ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் கல்யாணம் கிடையாது, அதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று இரண்டு அப்பாக்களும் சாமியாரிடம் போய்ப் பேர் கொடுத்துவிட்டார்கள். இன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"பாப்பாகிட்ட சொல்லிட்ட இல்ல?" என்று காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது ராஜப்பா கேட்டார்.

"சொல்லிட்டேங்க" என்றாள். அரை நாள் வேலை முடிந்து சில்வியா சாயங்கால ரயிலில் வருவாள். அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும்.

அவள் கண்டுபிடித்த வழி இது: ஜெயசீலியின் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, தன் தட்டைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். தட்டால் வந்த சம்பந்தம் தட்டாலேயே போகட்டும். பெண்களுக்குள் பேசி முடித்துவிட்டால், ராஜப்பாவுக்கு விஷயம் மாணிக்கராஜ் வழியாகத் தானாக வந்து சேரும். அவள் வாயைத் திறக்கவே வேண்டாம்.

வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் லைனில் கிடையாது. மாதாவின் முகத்தில் நேராகக் கொட்டாமல் காகிதம் விரித்து, அதன்மேல் சர்க்கரையைக் கொட்டினாள். துண்டு போட்டு மூடிக்கொண்டு பஸ் ஏறினாள்.

"எங்கக்கா, தட்டெல்லாம் எடுத்துக்கினு?" என்று பக்கத்து வீட்டு மாலா கேட்டதற்கு, "கடைக்கு" என்றாள். கடைக்கு யாராவது சர்க்கரையைக் கொண்டு போவார்களா? மாலா நல்ல பெண், மேலே கேட்கவில்லை.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஜெயசீலி இரண்டு கையையும் நீட்டினாள். "ஸ்தோத்திரம் சம்மந்தி! வாங்க, வாங்க!"

நவம்பரில் அக்காவாக இருந்தவள் சம்மந்தி ஆகிவிட்டிருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம் இதுதான்: தட்டு மாறிப்போச்சிங்க, உங்களுத நீங்க எடுத்துக்குங்க, எங்களுத குடுங்க, அது பதில் இல்லிங்க. நாலு துண்டு. சர்க்கரைத் தட்டு ஜெயசீலி கைக்குப் போனது, முதல் மூன்றும் வாயிலிருந்து வந்துவிட்டன. நாலாவதற்குள் ஜெயசீலி பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அடடா, தட்டு கேட்டா வந்தீங்க? ஷோகேஸ்ல பாருங்க, ஒரே மாதிரி மூணு இருக்கு. ஆனா உங்களுது எதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஓரத்துல ஒரு சீடருக்குப் பாதி முகம்தான். தனியா பீடத்துல வச்சிருக்கேன்."

பீடத்தில், மெழுகுவர்த்திக்கும் ஜெபமாலைக்கும் நடுவில், ஜெசிந்தாவின் தட்டு மல்லிகைச் சரம் சுற்றி நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி உயிர் போயிற்று.

"அத அப்பிடியே குடுங்கம்மா, நான் எடுத்துக்கினு கிளம்பறேன்" என்றாள்.

"வெறுந்தட்டா? நல்லாக் கேட்டீங்க!" ஜெயசீலி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஜெசிந்தாவுக்கு அப்போதே எழுந்து ஓடியிருக்கலாம் போல இருந்தது. எழுந்து எங்கே ஓட? சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அதிலும் இராவுணவு. மணி பன்னிரண்டே கால்.

ஜெயசீலி திரும்பி வந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழச் சீப்பு, ஒரு முழுத் தேங்காய், அதற்கடியில் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. தேங்காயைத் துண்டால் துடைத்துத் துடைத்து வைத்தாள். "ஈரத்தோட ஆண்டவர் மேல வைக்கக் கூடாது பாருங்க."

"இதெல்லாம் எதுக்குங்க..."

"நாளைக்கு ஓலை முடிஞ்சதும் நாங்களே கொண்டாரணும்னு இருந்தோம். நீங்களே வந்து கேட்டுட்டீங்க. எங்க பக்கத்துல பொண்ணு வீட்டுக்காரங்க வந்து தட்டு கேக்க மாட்டாங்க. உங்க பக்கத்து வழக்கம் அதுன்னா எனக்குச் சந்தோஷம்தான் சம்மந்தி. பிடிங்க."

பிடித்தாள். நீட்டின தட்டைப் பிடிக்காமல் இருக்க அவளுக்கு யாரும் கற்றுக் கொடுத்ததில்லை. கை தானாகப் போய்விட்டது. கிறிஸ்மஸுக்குத் தெரியாமல் செய்ததை இன்று தெரிந்தே செய்து முடித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"பொண்ணு கெட்டிக்காரின்னு கேள்விப்பட்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனம் இனிமே நம்ம வீட்டுக்கு ஆகட்டும். பெங்களூரு போக்குவரத்தெல்லாம் இந்த மாசத்தோட நிறுத்திடச் சொல்லுங்க" என்றாள் ஜெயசீலி. ஜெசிந்தா தட்டைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

உதய் ஃபாக்டரி ஷெட்டிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். வெல்டிங் பொறி பட்டுச் சட்டைக் கையெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. நல்ல பையன், அதுதான் இன்னும் கஷ்டம். அவளிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்தான். பாதி வழி வந்தாயிற்று. பிறகு தேங்காயைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அத்தை, ஒண்ணு கேக்கலாமா? அவங்களுக்குச் சம்மதம்தானே? நான் ஒரு வார்த்தைகூடப் பேசினது இல்ல. எல்லாரும் தட்டு வந்துச்சு, தட்டு வந்துச்சுன்னு சொல்றாங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு யாருமே சொல்லல."

இந்த மூன்று வாரத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். வாய் திறக்க அவளுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. சுற்றிலும் யாருமில்லை. பையன் கோபக்காரனும் இல்லை. 'இல்லப்பா' என்று ஒரு சொல் போதும்.

பஸ் வந்து நின்றது.

"ம்" என்றாள் ஜெசிந்தா.

உதயின் முகம் மலர்ந்துவிட்டது. தட்டை அவள் மடியில் பத்திரமாக வைத்துவிட்டு, பஸ் போகும்வரை நின்று கையாட்டினான். ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

நேராக வீட்டுக்குப் போகத் துணிவில்லாமல் வழியில் இறங்கிக் கோயிலில் போய் உட்கார்ந்தாள். மடியில் தட்டோடு இரண்டு மணி நேரம். ஜெபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வீட்டுக்கு வந்தபோது ராஜப்பா முகச் சவரம் செய்து வெள்ளைச் சட்டையில் இருந்தார். தட்டைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"பட்டா? அவங்களே குடுத்தனுப்பினாங்களா? பாத்தியா, நல்ல மனுஷங்க." புடவை ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "எங்கம்மா உனக்கு நூல் பொடவதான் குடுத்தாங்க. நம்ம பாப்பாவுக்குப் பட்டு வந்துகீது."

ஜெசிந்தா சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. காலி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

ஐந்தரைக்குச் சில்வியா வந்தாள். தோளில் பை, கையில் ஒரு புது நோட்டுப் புத்தகம். மேசைமேல் இருந்த தட்டு முதலில் அவள் கண்ணில் பட்டது. பழத்தை நகர்த்தி விளிம்பைப் பார்த்தாள்.

"இது நம்ம தட்டாச்சே? பழைய லாட். இது மேல இன்னா புடவை?"

ராஜப்பாவுக்கு மகளிடம் கல்யாணம் பேச வெட்கம். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உன் மாமியார் குடுத்தது. மூஞ்சி கழுவிக்கினு கிளம்பு பாப்பா. ஆறு மணிக்குச் சாமியார் வரச் சொல்லிகீறாரு. கையெழுத்து."

"இன்னா கையெழுத்து?"

"நாளிக்கி உங்க ஓலை இல்ல?"

சில்வியா சிரித்தாள். அப்பா விளையாடுகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவள் சிரிப்பும் நின்றது.

"நைனா, நான்தான் வாணாம்னு சொல்லிட்டேனே. நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்களே."

"யார்கிட்ட சொன்ன? நான் எப்ப சொன்னேன்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள். ஜெசிந்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்ல இன்னும் ஒன்றிரண்டு வழி இருந்தது. அவளுக்குத் தெம்பில்லை.

"அவ சொன்னாளுங்க" என்றாள். "அன்னிக்கே சொன்னா. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

"அப்ப நீ தட்டு அனுப்பிச்சது?"

"அது கல்கல் அனுப்பிச்சதுங்க. வேற தட்டு இல்ல. அவங்கதான் அப்பிடி நெனச்சிக்கினாங்க. நீங்களும் வந்து கெட்டிக்காரின்னு சொன்னீங்க..."

ராஜப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். கத்துவார் என்று ஜெசிந்தா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்காகவா ஜெசி?" என்று கேட்டார். "அந்த ஒரு வார்த்தைக்காகவா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டினார்.

"வா பாப்பா. அவங்க எல்லாம் இந்நேரம் கிளம்பிக்கினு இருப்பாங்க."

"வந்து? கையெழுத்து போடணுமா, இல்ல வாணாம்னு சொல்லணுமா?"

"நட. போவும்போது பேசிக்கலாம்."

"நைனா, எனக்கு இப்பவே தெரியணும்."

"எனக்கே தெரியல பாப்பா" என்றார் ராஜப்பா. "நான் மாணிக்கராஜ் கையப் பிடிச்சி வார்த்த குடுத்திருக்கேன். நீ வாணான்ற. நான் கொஞ்சம் நடக்கணும், வா."

ஜெசிந்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டு செருப்பைத் தேடினாள்.

"நீ வாணாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. அந்நியரிடம் பேசுவது போல மெதுவாகச் சொன்னார். "நீ வந்தா இன்னா சொல்லுவியோ, எனக்கு நம்பிக்க இல்ல."

சில்வியா வாசற்படியில் நின்றாள். அம்மாவைத் திட்டப்போகிறாள் என்றுதான் ஜெசிந்தாவும் நினைத்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள்.

"மூணு வாரமா ரயில்ல நிம்மதியாத் தூங்கிட்டு வந்தேன்மா" என்றாள் சில்வியா. "நீ சொல்லிட்டன்னு."

அவள் இறங்கிப் போனாள். ராஜப்பா பின்னாலேயே போனார்.

லைன் முனையில் இடது பக்கம் திரும்பினால் கோயிலும் சாமியார் பங்களாவும். வலது பக்கம் மாணிக்கராஜ் வீட்டுக்குப் போகிற ஃபாக்டரி பஸ். எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஜெசிந்தா வாசலுக்குப் போகவில்லை.

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாலா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அக்கா, அப்பனும் பொண்ணும் எங்க, இவ்ளோ வேகமாப் போறாங்க? நல்ல சமாச்சாரமா?"

"தெரியல மாலா" என்றாள் ஜெசிந்தா. அது பொய்யில்லை.